குஷன் கட் வைரமும் மாறி மாறி நொண்டிய காலும்

மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு நலமறிய ஆவல் இல்லை.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். அம்மா ஒட்ட மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. சங்கரன்கோவில் தபால்காரர் படிக்கட்டும், பம்பாய்த் தபால்காரருக்குத் தமிழ் தெரிந்தால் அவரும் படிக்கட்டும், உன்னோடு அறையில் தங்கியிருக்கிற பையன்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பங்கு போட்டுப் படிக்கட்டும். நீ பசை தடவி அழுத்தி ஒட்டி வாசுதேவநல்லூருக்குப் போட்ட கடிதத்தை அங்கே ஒரு தெருவே படித்துவிட்டது. மூடி அனுப்பிய உன் யோக்கியதை அப்படி இருக்கும்போது, திறந்து அனுப்புகிற எனக்கு என்ன பயம்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உன் அப்பா, வளர்ந்த பிள்ளை, கொஞ்சம் பார்த்து எழுது என்கிறார். பார்த்துத்தான் எழுதுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோமதி என்பவள் வாசுதேவநல்லூர்ப் பெண். மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீசில் டைப் அடிக்கிறவள். நீ நேரில் போய்ப் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, சரி என்று உன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்த பெண். அதன் பிறகுதான் நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்தோம். நம் வீட்டில் நிச்சயதார்த்தம் என்றால் வெற்றிலை பாக்கு, பூ, பழம், ஒரு சேலை. அதற்கு மேல் யாரும் கேட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. நீதான் லீவில் வந்து இறங்கியதும் மோதிரம் என்றாய். பம்பாயில் மாப்பிள்ளைகள் மோதிரம் போடுவார்கள் போலிருக்கிறது, பையனுக்கு ஆசை வந்துவிட்டது, கோமதிக்கும் பெருமைதான் என்று தலையை ஆட்டினேன். வைர மோதிரம் என்றாய். அதற்கும் ஆட்டினேன். குஷன் கட் என்றாய். அங்கே தலை நின்றது. எனக்குத் தெரிந்த குஷன், சினிமாக் கொட்டகையில் சோபா டிக்கெட்டுக்காரர்கள் உட்காருகிறது. நீ பென்சில் எடுத்து வரைந்து காட்டினாய். வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. நான்கு மூலையும் மழுங்கி, நடுவில் புடைத்து, இலவம்பஞ்சு அடைத்த தலையணை மாதிரி ஒரு கல். ‘ஏலே, கல்யாணத்துக்கு முந்தியே தலையணை மந்திரமா?’ என்று கேட்டேன். வாய்க்கு வந்ததைச் சும்மா கேட்டேன். உன் முகம் ஏன் அப்படிச் சிவந்தது என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

மதுரையில் தெற்காவணி மூல வீதிக் கடையில் அந்த மத்தியானம் முழுக்க இருந்தோம். கடைக்காரர் கல் பொதிந்த வெள்ளைக் காகித மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். வட்டக் கல்தானே அதிகம் மின்னும், அதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு நீ ஒரு பிரசங்கமே செய்தாய். குஷன் கட்டில் பட்டைகள் அகலமாம். அதனால் பொடிப்பொடியாக மின்னாமல், விளக்கு வெளிச்சத்தில் தணல் மாதிரி உள்ளிருந்து எரியுமாம். கூர் மூலை இல்லாததால் இடித்தாலும் சில்லுப் பெயராதாம், சேலையில் மாட்டாதாம். நடுவில் கண்ணாடி போல அந்தப் பக்கம் தெரிகிற கல்லை மட்டும் வாங்கக் கூடாதாம். கடைக்காரர் அசந்துபோனார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஒன்றில் கரும்புள்ளி என்றாய், இன்னொன்றில் கீறல் என்றாய். லேசாக மஞ்சள் ஓடின ஒரு கல்லை நான் எடுத்து, இது தங்கத்தில் உட்கார்ந்தால் கோமதியின் மாநிறத்துக்கு எடுப்பாக இருக்குமே என்றேன். நீ லென்ஸை எடுக்காமலே, ‘வெள்ளை விரலுக்கு மஞ்சக் கல்லு எடுக்காதும்மா’ என்றாய். கோமதியின் விரல் வெள்ளை இல்லையே என்று நான் வாய் திறப்பதற்குள் பளிச்சென்று வெள்ளையாக ஒரு கல்லை எடுத்து, இதுதான் என்று முடித்துவிட்டாய். அன்றைக்கு இவன் பெண்ணைப் பார்த்தானா, பஜ்ஜியைப் பார்த்தானா என்று நினைத்துக்கொண்டேன். கல்லுக்கு வைத்த லென்ஸை உனக்கு வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

நம் பக்கம் வைரத்தை வாங்கிய கையோடு யாரும் போட்டுக்கொள்வதில்லை என்பது உனக்குத் தெரியும். நகையில் வைத்துக் கட்டுவதற்கு முன்னால், வெறும் கல்லாக வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் ஒரு வாரம் வைத்துப் பார்ப்போம். அந்த வாரம் வீடு நன்றாக இருந்தால் கல் ராசி. ஏடாகூடமாக ஏதாவது நடந்தால் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஏன் என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். காலேஜில் படிக்கும்போது இதை மூடநம்பிக்கை என்று சொல்லி என்னோடு மல்லுக்கு நின்றாய். இருக்கட்டும். ஆனால் அதில் ஒரு நாகரிகம் இருக்கிறது, அது உன் படிப்புக் கண்ணில் படவில்லை. பழி எப்போதும் கல்லின் மேல் விழும். கல்லுக்கு அப்பா அம்மா கிடையாது. தெருவில் தலைகாட்ட வேண்டியது கிடையாது. யூனியன் ஆபீசில் பத்துப் பேர் பார்க்க உட்கார்ந்து டைப் அடிக்க வேண்டியது கிடையாது. பழியை வாங்கிக்கொண்டு காகித மடிப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அடுத்த வீட்டுக்குப் போனால் அங்கே ராசியான கல்லாகிவிடும்.

இதில் எனக்கு அனுபவம் உண்டு. நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் மூக்குத்திக் கல்லை இப்படித்தான் வைத்துப் பார்த்தார்கள். எனக்கு அந்தக் கல்லின் மேல் உயிர். அந்த வாரம் பார்த்து உன் அப்பாவுக்குக் காய்ச்சல். வெயில் சூடு என்று சொல்லி, நெற்றியைத் துடைத்துவிட்டு, நூல் கடைக்கு அனுப்பிவைத்தேன். பித்தளைக் குடம் கிணற்றில் விழுந்தது. யாரும் பார்க்கும் முன் பாதாளக் கரண்டி போட்டு எடுத்து, ஒடுங்கின பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைத்தேன். கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதற்கு, சந்தோஷத்தில் துள்ளுகிறது என்று விளக்கம் கொடுத்தேன். அமோகமான வாரம் என்று முடிவாயிற்று. மூக்குத்தி இன்றும் என் மூக்கில்தான் இருக்கிறது. வருத்தப்பட்டு இதைச் சொல்லவில்லை, என் தகுதிச் சான்றாகச் சொல்கிறேன். ஒரு வாரத்தை நல்ல வாரமாக்கிக் காட்டியவளிடம்தான், ஒரு வாரத்தைக் கெட்ட வாரமாக்கிக் காட்ட வந்தாய் நீ.

முதல் நாள் பால் திரிந்தது. அடுப்படிக் குப்பையில் பிழிந்த எலுமிச்சந்தோல் கிடந்தது. நான் எலுமிச்சம்பழம் வாங்கியிருக்கவே இல்லை. மறுநாள் சுவர்க்கடிகாரம் நின்றது. பெண்டுலம் கழன்றிருந்தது, ஸ்டூலை இழுத்த தடம் தரையில் அப்படியே இருந்தது. அதற்கப்புறம் மச்சுப்படியில் சறுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்லி நொண்ட ஆரம்பித்தாய். அப்பா முன்னால் வலது கால். பெட்டிக்கடைக்கு சிகரெட் வாங்கப் போகும்போது இடது கால். திரும்பி வரும்போது இரண்டு காலும் சௌக்கியம். வாசலில் அப்பாவின் செருப்பைக் கண்டதும் மறுபடி இடது. ஒரே சுளுக்கை இரண்டு காலுக்கும் பாரபட்சம் இல்லாமல் பங்கு வைத்த நியாயவான் நீ ஒருத்தன்தான்.

இதில் சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. உன் அப்பா தரையில் உட்கார்ந்தால் யாராவது கை கொடுத்தால்தான் எழுந்திருக்க முடியும். அந்த மனிதர் கோவிலுக்கு நடந்து போய்ப் புற்றுமண் எடுத்துவந்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, தரையில் உட்கார்ந்து, பற்றுப் போடுவதற்காக மடியில் துண்டை விரித்துக்கொண்டார். ‘எந்தக் காலு மக்கா?’ என்று கேட்டார். நீ ஒரு நிமிஷம் யோசித்தாய். யோசித்துத்தான் காலை நீட்டினாய்.

அன்றைக்கே ஏன் கேட்கவில்லை என்றால், நான் ரசித்துக்கொண்டிருந்தேன். கல் பிடிக்கவில்லை, கடைக்காரரிடம் சொல்லக் கூச்சப்படுகிறான், ராசியைச் சொல்லித் திருப்பப் பார்க்கிறான், என் பிள்ளை அல்லவா என்று நினைத்தேன். நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, அவர்கள் நாயை ஜன்னலுக்குள் தூக்கிவிட்டு வந்தாய். நாய் உடைத்தது என்று அதைக் கட்டிப்போட்டு அடித்தார்கள். எனக்கு நடந்தது தெரியும். அப்போதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேனே தவிர, உன் முதுகில் ஒன்று வைக்கவில்லை. நான் செய்த தப்பு அதுதான். குறும்புக்கு ஒரு சட்டம் உண்டு. கடைசியில் மாட்டிக்கொள்கிறவன் அதைச் செய்தவனாக இருக்க வேண்டும். அதை உனக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிட்டேன். பழியைச் சுமக்க வாயில்லாத ஏதாவது ஒன்று அகப்படும் என்று மட்டும் நீயாகக் கற்றுக்கொண்டாய்.

‘ராசி கெட்ட கல்லு இனி நம்ம வீட்டுல இருக்கக் கூடாதும்மா, மதுரையில கொண்டு குடுத்துரு’ என்று சொல்லிவிட்டு, இரண்டு காலாலும் நன்றாக நடந்து போய் ரயிலேறினாய். அடுத்த வாரத்தில் ஒரு காலையில் கோமதியின் அப்பா முதல் பஸ்ஸில் தனியாக வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காப்பி கொடுத்தேன், வாங்கி அப்படியே ஜன்னல் திட்டில் வைத்தார். பம்பாயிலிருந்து நீ போட்ட கடிதத்தை நீட்டினார். கல்லில் குற்றமில்லை, லென்ஸ் வைத்து நானே பார்த்து எடுத்த கல் என்று எழுதியிருந்தாய். உங்கள் பெண் பெயரைச் சொல்லி அதை வீட்டுக்குள் கொண்டுவந்த நேரம் முதல் பால் திரிந்தது, கடிகாரம் நின்றது, என் கால் போயிற்று என்று எழுதியிருந்தாய். ஆகவே குறை பெண்ணின் ராசியில்தான், பெரியவர்கள் மன்னிக்கவும் என்று முடித்திருந்தாய். அவருக்குப் பார்வை மங்கல். மாப்பிள்ளை கடிதம் போட்டிருக்கிறார் என்ற சந்தோஷத்தில் பக்கத்து டெய்லரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறார். தைக்கக் கொடுக்க வந்தவர்கள், சும்மா உட்கார வந்தவர்கள், அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். டெய்லர் பாதியில் நிறுத்தினாராம், இவர்தான் மிச்சத்தையும் படி என்றாராம்.

‘வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மதினி. எம் பிள்ளை கால் வச்சா பால் திரியும்னு ஊருக்குள்ள பேசுதாக. இனி எவன் வருவான்?’

எனக்கு வாய் அடைத்துப்போன நாள் அது ஒன்றுதான் என்று உன் அப்பா சொல்கிறார். காப்பி ஆடை கட்டி ஜன்னலிலேயே இருந்தது.

மறுநாள் கல்லை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். கல்லில்தான் ஏதோ கோளாறு என்று கடைக்காரர் வாயால் ஒரு வார்த்தை வாங்கிவிட்டால், பழியைக் கல்லின் மேலேயே திருப்பி வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என்னைப் பார்த்ததும் அவர், ‘வாங்கம்மா, ஆசாரி உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காரு’ என்றார். எதற்கு என்றேன். ‘தம்பி ஊருக்குப் போற வழியிலேயே வந்து முன்பணம் கட்டிட்டாரே. அம்மா கல்லைக் கொண்டுவருவாங்க, மோதிரம் கட்டி வைங்க, ஃப்ரெண்டு வந்து வாங்கிக்குவாருன்னு அளவும் குடுத்துட்டுப் போயிருக்காரு.’ மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கம்பி வளையத்தை எடுத்துக் காட்டினார். கோமதியின் சுண்டு விரலுக்குக்கூட அது பற்றாது.

வெள்ளை விரல், வெள்ளைக் கல், தலையணை மந்திரம், எல்லாம் அந்தக் கம்பி வளையத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டன. கல்லுக்குப் பட்டை தீட்டியது எந்த ஊர்க்காரனோ, எங்களுக்குப் பட்டை நாமம் போட்டது நீ. எங்கள் வீட்டில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாத ராசி கெட்ட கல், உனக்கு வேண்டியவள் விரலுக்கு மட்டும் எப்படியப்பா ராசியாகும்?

அந்தப் பம்பாய்ப் பெண் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இப்படி ஒரு கதைக்குள் அவள் கை மாட்டியிருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். நீ நேரே வந்து, அம்மா, எனக்கு அங்கே ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். ஒரு வாரம் உனக்குச் சோறு கிடைத்திருக்காது. அப்பா யாரோடும் பேசாமல் மச்சில் போய்ப் படுத்திருப்பார். அப்புறம் நானே அவளுக்குச் சேலை எடுக்கக் கிளம்பியிருப்பேன், அவள் நிறத்துக்கு என்ன எடுக்கும் என்று உன்னையே கேட்டிருப்பேன். கோமதி வீட்டுக்கும் போய்க் கையைக் கூப்பிக்கொண்டு, பையனுக்கு மனசு வேறு இடத்தில் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். அவர்கள் ஏசியிருப்பார்கள், வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். என் ஒரு வார விளக்குமாற்றுக்குப் பயந்துகொண்டு இன்னொருத்திக்கு ஆயுசுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டாய். சொல்லத் தைரியம் இல்லாதவன் கல்லின் பின்னால் ஒளிந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். நீ கல்லைப் பத்திரமாக ஒதுக்கி வைத்துவிட்டுப் பெண்ணை முன்னால் தள்ளினாய். கல்லை ஏன் ஒதுக்கினாய் என்பது எனக்கு மதுரையில்தான் விளங்கியது. நிச்சயதார்த்தமாம். உன்னிடம் நிச்சயமும் இல்லை, அர்த்தமும் இல்லை.

என் மகனிடம் நானே சேர்க்கிறேன் என்று சொல்லிக் கல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ராஜபாளையம் வழி பஸ்ஸில் நேரே வாசுதேவநல்லூரில் இறங்கி, டெய்லர் கடை வாசலில் நின்று கோமதி வீட்டுக்கு வழி கேட்டேன். வழி எனக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து கூட வர வேண்டும் என்பதற்காகக் கேட்டேன். வந்தார்கள். வாசலிலேயே நின்று எலுமிச்சந்தோல், ஸ்டூல், இரண்டு கால், கம்பி வளையம், ஒன்று விடாமல் சொன்னேன். டெய்லர் கையில் கத்திரிக்கோலோடு கேட்டார். அந்த நேரத்தில் கோமதி ஆபீஸ் முடிந்து டிபன் பாக்ஸோடு வந்தாள். கூட்டத்தைப் பார்த்து ஒரு கணம் தயங்கினாள். தன்னைப் பற்றி இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று நினைத்திருப்பாள். நான் கல் மடிப்பை எடுத்து அவளிடம் நீட்டினேன். இதை உங்கள் வீட்டிலும் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், இவள் கையாலேயே சாமி முன்னால் வைக்கட்டும், பால் திரிகிறதா என்று தெருவே வந்து பார்க்கட்டும் என்றேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். என்ன நடந்தது என்று கேட்கிறாயா? ஒன்றும் நடக்கவில்லை. தினமும் காலையில் தெருப் பெண்கள் வந்து நின்று பால் காய்வதைப் பார்த்திருக்கிறார்கள். பால் பொங்கியது, இறக்கி வைத்தாள், அவ்வளவுதான். டெய்லர் இப்போது கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் உன் நொண்டலை நடித்துக் காட்டுகிறாராம், இரண்டு காலிலும். போன பெயர் முழுசாகத் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவளைக் கண்டால் பால் செம்பை மூடிக்கொண்டு போகிறவள் இன்னும் ஒருத்தி இருக்கிறாளாம். ஆனால் கோமதியின் அப்பா இந்த முறை என்னை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். ஆறுவதற்குள் குடித்தேன்.

கிளம்பும்போது கல்லுக்காகக் கையை நீட்டினேன். கோமதி கொடுக்கவில்லை.

‘இது அவுக முன்பணம் கட்டின கல்லு, எனக்கு வேண்டாம் அத்தை. ஆனா உங்ககிட்டயும் குடுக்க மாட்டேன். அவுகளே வந்து வாங்கிக்கிடட்டும்.’

அத்தை என்று கூப்பிட்டாள். அந்தக் குரலில் அந்த வார்த்தை இனி எனக்குக் கிடைக்காது. அதையும் சேர்த்துத்தான் நீ தொலைத்தாய். வந்தால் அவனை என்ன கேட்பாய் என்றேன்.

‘ஒண்ணும் கேக்க மாட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி, டெய்லர் கடையைத் தாண்டி, இங்கன வரைக்கும் நடந்து வரணும்லா. எந்தக் கால்ல நொண்டிக்கிட்டு வாராகன்னு மட்டும் பாக்கணும்.’

கல் அவளிடம் பத்திரமாக இருக்கிறது. யாரும் திருடவில்லை, அது உன் கல்தான். பம்பாயில் ஒரு விரல் காத்துக்கொண்டிருக்கிறது அல்லவா, சீக்கிரம் வா. முதலில் சங்கரன்கோவிலுக்கு வந்து அம்மாவைச் சமாதானப்படுத்திவிட்டு அப்புறம் அங்கே போகலாம் என்று மட்டும் நினைக்காதே. வாசுதேவநல்லூரில் பகலில் இறங்கி, அந்தத் தெருவில் நடந்து, அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்தால்தான் இந்த வீட்டுக் கதவு திறக்கும்.

எழுதியதை உன் அப்பா வாங்கிப் படித்துவிட்டார். பார்த்து எழுது என்று இப்போது சொல்லவில்லை. ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். எந்தக் கால் என்று இப்போதே யோசித்து எழுத வேண்டுமாம். அவர் புற்றுமண் எடுத்து வைக்க வேண்டுமாம்.